தேனீப் பெட்டியில் கோளாறா? வாசலிலிருந்து தொடங்குங்கள்

மாடியிலோ பின்கட்டிலோ ஒன்றிரண்டு பெட்டி வைத்திருப்பவர்கள் தேனீ வளர்ப்போர் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டுவரும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அவற்றை அறிகுறி வாரியாக இங்கே பிரித்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு பிடிப்பது கடைசியில். மேலே இருப்பதைப் பார்க்காமல் கீழே தாவுகிறவர்கள்தாம் உள்ளே நல்ல ராணி இருக்கும்போதே புது ராணி வாங்கிவந்து சாகக் கொடுக்கிறார்கள்.

எதுவானாலும் மூடியில் கை வைக்கும் முன் வாசலுக்குப் பக்கவாட்டில் 10 நிமிடம் உட்காருங்கள். காலில் மகரந்த உருண்டையோடு வருகின்றனவா, பலகையில் சண்டை உண்டா, பெட்டி முன்னால் தரையில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பிறகு பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் ஓர் அங்குலம் தூக்குங்கள். சுலபமாக எழும்பினால் உள்ளே சாப்பாடு இல்லை. பாதிக் கேள்விகள் இங்கேயே தீர்ந்துவிடும்.

இத்தாலியத் தேனீ, இந்தியத் தேனீ இரண்டுக்கும் இது பொருந்தும். வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வாசலில் திடீர் அமளி

மதியத்துக்குப் பிறகு 15, 20 நிமிடம் மட்டும் ஒரு கூட்டம் பெட்டியைப் பார்த்தபடியே மேலும் கீழும் மிதக்கிறதா? அவை முதன்முறை வெளியே வந்த இளசுகள். வீடு இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்கின்றன. உடம்பெல்லாம் பஞ்சுபோல் ரோமம் இருக்கும், சண்டை இருக்காது, தானாக அடங்கிவிடும். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம்.

அந்திவரை அடங்கவில்லை என்றால் கொள்ளை. குனிந்து பாருங்கள். இரண்டு தேனீக்கள் கட்டிப் புரண்டு பலகையிலிருந்து உருண்டு விழும். திருட வந்தது நேராக வந்து இறங்காது. பின்னங்கால்களைத் தொங்கவிட்டு இடமும் வலமுமாக ஆடிக்கொண்டு காவல் இல்லாத சந்தைத் தேடும். மூடி விளிம்பு, பலகை மூட்டு, காற்றுத் துளை ஒன்றையும் விடாது. ரோமம் உதிர்ந்து கறுத்து மினுமினுக்கும் கிழடுகள் அதில் அதிகம். காலி வயிற்றோடு வந்து கனத்த வயிற்றோடு போவதால் கிளம்பும்போது முதலில் சற்றுத் தாழ்ந்துவிட்டுத்தான் மேலே ஏறும். அடிப்பலகையில் கடித்துப் போட்ட மெழுகுத் தூள் சிதறிக் கிடக்கும்.

காரணங்கள், எளியதிலிருந்து:
1. தீனியாக வைக்கும் சர்க்கரைப் பாகு சிந்தியிருக்கும், அல்லது பகலில் பாகு வைத்திருப்பீர்கள். பெரும்பாலும் இதுதான். ஈரத் துணியால் துடையுங்கள். இனி இருட்டிய பிறகு, பெட்டிக்குள்ளே மட்டும் வையுங்கள்.
2. கூட்டத்தின் பலத்துக்கு மீறி வாசல் அகலமாக இருக்கும்.
3. மூடியோ மூட்டோ வாய் பிளந்திருக்கும். அகலமான டேப் போதும்.
4. கூட்டம் நலிந்திருக்கும், அல்லது ராணி இல்லாமல் இருக்கும். முதல் மூன்றையும் சரிசெய்தும் மறுபடி மறுபடி கொள்ளை வந்தால் இதுதான் வேர்.

உடனே செய்ய வேண்டியது: ஒரே ஒரு தேனீ நுழையும் அளவுக்கு, சுமார் 1 செ.மீ., வாசலைச் சுருக்குங்கள். நனைத்த பழைய போர்வையைப் பெட்டி முழுக்கத் தரையைத் தொடும்படி போர்த்துங்கள். இருட்டியதும் போர்வையை எடுத்துவிட்டு வாசலை அப்படியே விடுங்கள். என்ன ஆயிற்றோ என்று நடுவில் திறந்து பார்ப்பதைப்போல் கெடுதல் வேறில்லை. திறந்த பெட்டியின் தேன் வாசனை தெருவையே கூப்பிடும். உங்களிடம் இரண்டு பெட்டி இருந்தால் திருடன் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். போகிற தேனீக்கள்மேல் கொஞ்சம் மாவு தூவி, வெள்ளையாக எந்தப் பெட்டிக்குள் நுழைகின்றன என்று பாருங்கள். மறுநாள் காலையும் தொடர்ந்தால் பெட்டியை இரவோடு இரவாக 5 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் சங்க உறுப்பினர் வீட்டுக்கு 2, 3 வாரம் மாற்றுங்கள்.

சாயங்காலம் பெட்டி முகப்பில் தாடிபோல் தொங்குகின்றன

வெக்கை. அநேகமாகக் கோளாறே இல்லை. புழுக்களைத் தேனீக்கள் 34–35 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். கான்கிரீட் தளம் இருட்டிய பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். உள்ளே கூட்டம் குறைந்தால் சூடு குறையும் என்று வேலையற்றவை வெளியே வந்து தொங்குகின்றன.

பெட்டி தரையிலிருந்து 45 செ.மீ.யாவது உயரத்தில் இருக்கிறதா, மதியத்துக்குமேல் நிழல் விழுகிறதா, மேல் மூடி வெள்ளையா, தண்ணீர் பக்கத்தில் உண்டா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் தொங்கினால் உள்ளே இடம் போதவில்லை. தேன் சேமிக்க மேலே அடுக்கும் தேன் அறை ஒன்றை ஏற்றுங்கள். காலைக் குளிர்ச்சியிலும் வேலைக்குப் போகாமல் அப்படியே தொங்கினால் அது வெக்கை அல்ல. கீழே ‘ராணி அறைகள் தொங்குகின்றன’ என்ற பகுதிக்குப் போங்கள்.

வாசலில் தேன் ஒழுகினால் மட்டும் அவசரம். மெழுகு உருகுவது 62–64 டிகிரியில்தான். ஆனால் தேன் கனத்த புது வெள்ளை அடை 40 டிகிரியைத் தாண்டினாலே குழைந்து அறுந்து விழும். நிழலுக்குக் குடையோ தகரமோ நிறுத்துங்கள், மூடிமேல் ஈரச் சாக்கைப் போடுங்கள், ஒழுகிய தேனைக் கழுவுங்கள். அந்த வெயிலில் அடை கட்டிய மரச் சட்டங்களைத் தூக்கினால் மீதியும் விழும். அந்தி சாய்ந்த பிறகு விழுந்தவற்றை எடுத்து, புழு உள்ள துண்டுகளை மட்டும் காலிச் சட்டத்தில் பருத்தி நூலால் கட்டித் திருப்பி வையுங்கள். மெழுகு பூசி ஒட்டியதும் நூலைத் தேனீக்களே கடித்து வெளியே போட்டுவிடும்.

பெட்டி முன்னால் செத்த தேனீக்கள்

தினமும் காலையில் சில பத்துக் கிடப்பது சாதாரணம். பலமான பெட்டியில் அதற்கு மேலும் கிடக்கும். எண்ணிக்கையைவிட எப்படிச் செத்திருக்கின்றன என்பதே முக்கியம்.

ஆண் தேனீக்கள் மட்டும், இழுத்துத் தள்ளப்பட்டு: பூ வறண்ட காலம். தின்று உட்கார்ந்திருப்பவர்களை வெளியேற்றுகின்றன. பெட்டியின் எடையைப் பாருங்கள், வேறொன்றும் வேண்டாம்.

தலை அடையின் சிறு குழிக்குள் (கண்ணறை), வால் வெளியே: பட்டினி. அன்றே 1 கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு 1 லிட்டர் வெந்நீர் கலந்து, ஆறவைத்து, உயிரோடு இருப்பவற்றின் மேலும் அடையின் மேலும் லேசாகத் தெளியுங்கள். மீதியைப் பெட்டிக்குள் வையுங்கள். வெல்லமோ பழுப்புச் சர்க்கரையோ தந்தால் வயிறு போகும். கடையில் வாங்கிய தேனைத் தரவே கூடாது. அதில் வேறொரு பெட்டியின் நோய் வித்து இருக்கலாம்.

பெட்டி முகப்பில் பழுப்புக் கறை: வயிற்றுப்போக்கு. புளித்த பாகா என்று முதலில் பாருங்கள். பாகை மாற்றியும் நிற்காவிட்டால் நொசீமா கிருமியாக இருக்கலாம். அதை நுண்ணோக்கியில்தான் உறுதிசெய்ய முடியும். சங்கத்தில் நுண்ணோக்கி இருந்தால் 30 செத்த தேனீக்களைக் காகித உறையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் அழுகிவிடும்.

நாக்கு நீட்டியபடி, ஒரே நாளில் குவியலாக: விஷம். நகரத்தில் முதல் சந்தேகம் கொசுப் புகை, அடுத்தது பக்கத்துத் தோட்டத்து மருந்து. தண்ணீரும் பாகும் வையுங்கள். சில நாள் கழித்தும் உள்ளேயே வேலை செய்யும் இளசுகள் சாகின்றன என்றால் விஷம் மகரந்தத்தோடு உள்ளே வந்திருக்கிறது. மகரந்தம் நிறைந்த சட்டங்களை எடுத்துவிடுங்கள். புகார் செய்யும் எண்ணம் இருந்தால் ஒரு கைப்பிடி செத்த தேனீக்களை அன்றே உறைபெட்டியில் வைத்து, தேதியோடு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாள்பட்ட மாதிரியால் பயனில்லை. அடுத்த முறை புகை வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் தேனீக்கள் அடைந்த பிறகு வாசலைக் கம்பி வலையால் மூடி, ஈரத் துணி போர்த்தி, புகை அடங்கிய சில மணி நேரத்தில் திறந்துவிடுங்கள். பலகை வைத்து அடைத்தால் பலமான கூட்டம் வெக்கையில் மூச்சுமுட்டிச் செத்துவிடும், மருந்தே தேவையில்லை.

இறகு சுருங்கிப் பறக்க முடியாமல் ஊர்கின்றன: வர்ரோவா உண்ணியும் அது பரப்பும் வைரசும். கண்ணால் பார்த்து முடிவுசெய்யாமல் எண்ணுங்கள். மூடாத புழுக்கள் உள்ள சட்டத்தில் ராணி இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, அதிலிருந்து அரைக் கோப்பை, அதாவது 120 மி.லி. அளவு தேனீக்களை ஜாடியில் தட்டுங்கள். சுமார் 300 இருக்கும். சாராயக் கரைசல் ஊற்றி 1 நிமிடம் குலுக்கி, வலையில் வடித்து, அடியில் தங்கிய செம்பழுப்புப் புள்ளிகளை எண்ணி 3ஆல் வகுத்தால் சதவீதம். 9 உண்ணி என்றால் 3 சதவீதம். மருந்துக்கான எல்லை அது. 2 சதவீதத்திலேயே மருந்தைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. தேனீக்களைக் கொல்ல மனமில்லாதவர்கள் பொடித்த சர்க்கரையில் உருட்டி எண்ணலாம். அதில் எண்ணிக்கை சற்றுக் குறைத்தே காட்டும்.

முதல் மருந்து சும்மா கிடைப்பது: ஆண் புழு அடைகளை மூடியவுடன் வெட்டி எடுப்பது. உண்ணி அங்கேதான் விரும்பிப் பெருகும். இந்தியத் தேனீயில் அது பெரும்பாலும் ஆண் புழுவோடு நின்றுவிடுவதால் ரசாயனத்துக்குத் தேவை அபூர்வம். அடுத்து தைமால், ஃபார்மிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம், அமிட்ராஸ் பட்டை. அளவும் வெப்ப எல்லையும் அட்டையில் எழுதியிருப்பதுதான்; ‘கொஞ்சம் கூட’ என்பது ராணியைக் கொல்லும். தேன் அறை இருக்கும்போது எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதையும் அதே அட்டையில் படியுங்கள். ஆக்சாலிக் அமிலம் மூடிய கண்ணறைக்குள் போகாது. அதனால் புழு இல்லாத நாட்களில்தான் அது முழுப் பலன் தரும். அமிலத்தைக் கையாளும் முதல் முறை சங்கத்தில் பழகியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கையுறையும் முகக் கவசமும் கட்டாயம்.

முட்டை இல்லை, ராணியும் தென்படவில்லை

முதலில் கண். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து விழும்படி நின்று சட்டத்தைச் சாய்த்து, கண்ணறையின் அடியைப் பாருங்கள். அரிசிக் குருணையை இன்னும் மெல்லியதாக நறுக்கியதுபோல் வெள்ளையாக ஒன்று நிற்கும். முதல் நாள் நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுக்கும். ஒன்று தென்பட்டால் போதும். 3 நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள். ராணியையே கண்டுபிடித்தாக வேண்டும் என்று எல்லாச் சட்டத்தையும் புரட்டுவதில் ராணி நசுங்கிப்போவதும் உண்டு. கண் பிடிபடாவிட்டால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உண்மையாகவே முட்டை இல்லை என்றால், இந்த வரிசையில்:

பஞ்ச காலம். புழுப் பரப்பு சுருங்கியிருக்கும், மகரந்தம் வருவது நின்றிருக்கும். ஒன்றுக்கு ஒன்று பாகு ஒரு வாரம் தந்து பாருங்கள்.

இடமில்லை. முட்டையிட வேண்டிய கண்ணறைகளில் தேனைக் கொட்டி நிரப்பியிருக்கும். நடுவில் ஒரு காலி அடை வையுங்கள்.

புது ராணி இன்னும் தயாராகவில்லை. ராணியை வளர்க்கத் தனியாகக் கட்டும் கண்ணறைதான் ராணி அறை. காலியான ராணி அறையின் நுனி வட்டமாக வெட்டப்பட்டு மூடிபோல் தொங்கினால் கன்னி ராணி வெளியே வந்துவிட்டாள். பக்கவாட்டில் ஓட்டை என்றால் போட்டி ராணி உள்ளேயே கொன்றுவிட்டாள். எப்படியானாலும் ஒருத்தி உள்ளே உண்டு. அவள் வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடி வந்து முட்டையிட 2, 3 வாரம் ஆகும். அதுவரை திறக்க வேண்டாம். நடு அடையில் கண்ணறைகளைத் துடைத்துப் பளபளவென்று காலியாக வைத்திருந்தால் முட்டைக்காகக் காத்திருக்கிறார்கள். இந்த இடைவெளியில் பொறுமை இல்லாமல் வாங்கி வைக்கும் ராணி கட்டாயம் சாகும்.

ராணி போய்விட்டாள். இதைக் கண்டுபிடிக்கச் சோதனைச் சட்டத்தைவிட நம்பகமானது எதுவும் இல்லை. நோயில்லாத வேறொரு பெட்டியிலிருந்து முட்டையும் பொடிப் புழுவும் உள்ள சட்டத்தை எடுத்து, தேனீக்களை உதறிவிட்டு, நடுவில் வையுங்கள். 4ஆம் நாள் பாருங்கள். அதில் ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் ராணி இல்லை. அப்படியே விடுங்கள், அவர்களே ஒருத்தியை வளர்த்துக்கொள்வார்கள். முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாள். கட்டவில்லை என்றால் ராணி எங்கோ இருக்கிறாள். ஒற்றைப் பெட்டிக்காரர்களுக்குச் சங்கம் தேவைப்படுவது இந்த ஒரு சட்டத்துக்காகவே என்று சொல்லலாம்.

வேலைக்காரத் தேனீயே முட்டையிடுகிறது. ஒரு கண்ணறையில் மூன்று, நான்கு முட்டை. வயிறு குட்டையாதலால் அடியை எட்டாமல் சுவரில் ஒட்டியிருக்கும். வேலைக்காரக் கண்ணறைகளில் ஆண் புழு வளர்ந்து மூடிகள் தோட்டாத் தலைபோல் புடைத்திருக்கும். புது ராணியும் முதல் சில நாள் தடுமாறி இரண்டு முட்டை இடுவது உண்டு, ஆனால் அவை அடியில் இருக்கும். ராணி இல்லாத இந்தியத் தேனீ இந்த நிலைக்கு இத்தாலியத் தேனீயைவிடச் சீக்கிரம் வந்துவிடும். வாரம் ஒரு சோதனைச் சட்டம் என்று 3 வாரம் தொடர்ந்து தந்தால் சில கூட்டங்கள் திருந்தும். கூட்டம் ஏற்கெனவே சிறுத்துவிட்டால் காப்பாற்றப் பணம் போட வேண்டாம். பலமான பெட்டியின்மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் இதை ஏற்றிச் சேர்த்துவிடுங்கள். தாளைக் கடித்து முடிப்பதற்குள் வாசனை ஒன்றாகிவிடும்.

ராணி அறைகள் தொங்குகின்றன

இடத்தைப் பாருங்கள். அடையின் நடுவில் ஒன்று முதல் மூன்று என்றால் கிழட்டு ராணியை மாற்றுகிறார்கள், தொடாதீர்கள். சாதாரணக் கண்ணறையிலிருந்து வளைந்து இறங்கியவை அங்கங்கே இருந்தால் ராணி திடீரென்று செத்திருக்கிறாள். பெரும்பாலும் போன முறை நீங்கள் திறந்தபோதுதான். அடையின் கீழ் விளிம்பில் வரிசையாகப் பல என்றால் கூட்டம் பிரியப் போகிறது.

பிரிவதற்கு அறைகளை வெட்டி எறிவது மருந்தல்ல. ஒன்று கண்ணில் படாமல் தப்பினால் போதும். முட்டையிட்ட 8, 9ஆம் நாள் ராணி அறை மூடப்படும். ஏறக்குறைய அதே நேரத்தில் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பிவிடும். அதற்குள் நீங்களே பிரித்துவிடுங்கள். பழைய ராணியோடு 2, 3 புழுச் சட்டம், ஒரு தேன் சட்டம், கூடுதலாக ஒரு சட்டத்து இளம் தேனீக்களை உதறிப் புதுப் பெட்டியில் வையுங்கள். பழைய பெட்டியில் நல்ல ராணி அறை ஒன்றோ இரண்டோ போதும்.

பிரிந்து கிளையில் தொங்கிவிட்டால் பயம் வேண்டாம். வயிறு நிறையத் தேனோடு காக்க வீடில்லாத கூட்டம் அது, பொதுவாகக் கொட்டாது. அடியில் பெட்டியைப் பிடித்துக் கிளையை ஒரே உதறாக உதறுங்கள். ராணி உள்ளே விழுந்திருந்தால் மற்றவை வாசலில் வாலைத் தூக்கி இறகடித்து மீதிப் பேரைக் கூப்பிடும். அந்திவரை அங்கேயே விட்டுவிட்டுப் பிறகு எடுங்கள். மின்கம்பி அருகில், ஏணி தாண்டிய உயரத்தில், சுவருக்குள் என்றால் நீங்கள் ஏற வேண்டாம். சங்கத்தில் கூட்டம் பிடிப்பவரையோ தீயணைப்புத் துறையையோ அழையுங்கள்.

கூட்டம் மொத்தமாக ஓடிவிடும் போலிருக்கிறது

இது இந்தியத் தேனீ வைத்திருப்பவர்களின் தலைவலி. அறிகுறி பல நாள் முன்பே தெரியும்: மகரந்தம் வருவது நிற்கும், முட்டை குறையும், இருக்கும் புழு வெளிவந்ததும் அடை காலியாகவே கிடக்கும், சேமித்த தேனையும் தின்று முடிப்பார்கள். எறும்பு, வெயில், பசி, மெழுகுப்பூச்சி, அடிக்கடி திறப்பது என்று இந்த வரிசையில் காரணத்தைத் தேடுங்கள். வாரத்துக்கு ஒரு முறைக்குமேல் திறப்பவர்கள் கடைசிக் காரணத்தை முதலில் பார்க்கலாம்.

காரணத்தை நீக்கி, பாகு தந்து, வேறு பெட்டியிலிருந்து மூடாத புழு உள்ள ஒரு சட்டம் வையுங்கள். பசித்த புழுவை விட்டுவிட்டுப் போகத் தயங்குவார்கள். ராணி மட்டும் நுழைய முடியாத துளைத் தகட்டை வாசலில் 3 முதல் 5 நாள் மாட்டலாம். ஆனால் உள்ளே இருப்பது கன்னி ராணி என்றால் தகடு கூடாது. பறக்க முடியாமல் காலம் முழுக்க ஆண் முட்டையே இடுவாள்.

புழுக்கள் சரியில்லை

முதலில் பயப்பட வேண்டாதது: இந்தியத் தேனீயின் ஆண் புழு மூடி நடுவில் இயற்கையாகவே ஊசித் துளை இருக்கும். அது நோயல்ல.

சுண்ணாம்புக் கட்டிபோல் வெள்ளையாகவோ கறுப்பாகவோ காய்ந்த புழுக்கள் பலகையில்: பூஞ்சை. ஈரம்தான் காரணம். பெட்டியை வாசல் பக்கம் லேசாகச் சாயுங்கள், காற்றோட்டம் தாருங்கள், பழைய கறுப்பு அடைகளை எடுங்கள்.

தலை தூக்கி, படகுபோல் வளைந்து, இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக முழுசாக வரும் புழு: சாக்புரூட் என்னும் பைப்புழு நோய். வைரஸ், மருந்தில்லை. இத்தாலியத் தேனீ பெரும்பாலும் தானே மீளும். இந்தியத் தேனீ கூட்டமாக அழிவதும் உண்டு. அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறெதிலும் வைக்காதீர்கள், ராணியைக் கொஞ்ச நாள் கூண்டில் அடைத்து முட்டையை நிறுத்துங்கள், பிறகு ராணியையே மாற்றுங்கள்.

மூடும் முன்பே முறுக்கிக் கிடந்து மஞ்சளாகிப் பழுப்பாகும் புழு, புளிப்பு நாற்றம்: ஐரோப்பிய ஃபவுல்புரூட். லேசாக இருந்தால் தீனியும் புது ராணியும் போதும். பரவினால் அதிகாரியைக் கூப்பிடுங்கள்.

மூடி உள்வாங்கி, கறுத்து, எண்ணெய் தடவியதுபோல் இருந்து, நடுவில் தாறுமாறாகக் கிழிந்த ஓட்டை: தீக்குச்சியை எடுங்கள். அந்தக் கண்ணறைக்குள் நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி, மெதுவாக, மிக மெதுவாக வெளியே இழுங்கள். தண்ணீராக அறுந்தால் வேறு ஏதோ. காபி நிறத்தில் கோந்துபோல் 2 செ.மீ.க்குமேல் நூலாக நீண்டால் அமெரிக்க ஃபவுல்புரூட். குச்சியை அங்கேயே எரியுங்கள், பெட்டியை மூடுங்கள், வாசலைச் சுருக்குங்கள், கையையும் கருவிகளையும் கழுவுங்கள். இதற்குமேல் நீங்களாக எதுவும் செய்யக் கூடாது. பல நாடுகளில் இது சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். தேனீ ஆய்வாளரோ கால்நடை, வேளாண் அதிகாரியோ வந்து சொல்லும்வரை எதையும் வெளியே எடுத்துப்போகாதீர்கள். இதன் வித்து மரத்திலும் மெழுகிலும் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். அடைகளைக் குழியில் போட்டு எரிக்கச் சொல்வது அதனால்தான். சங்கத்தின் பொதுத் தேன் பிழியும் இயந்திரத்தை அண்மையில் பயன்படுத்தியிருந்தால் அன்றே சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவரால் ஊர்ப் பெட்டிகள் எல்லாம் போகும்.

அடையில் நூலாம்படை, சளி, எறும்பு

நூலாம்படையும் அடைக்குள் சுரங்கமும் என்றால் மெழுகுப்பூச்சி. அது வந்ததால் கூட்டம் நலியவில்லை, நலிந்ததால் வந்தது. தேனீக்கள் போர்த்தியிருக்கும் அளவுக்கு மட்டும் சட்டங்களை விட்டு மீதியை எடுத்து, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். முட்டை உட்பட எல்லாம் சாகும். நூலில்லாமல் அடை சளிபோல் வழிந்து புளித்தால் சிறு கூட்டு வண்டு. அந்தச் சட்டங்களும் உறைபெட்டிக்கே. எறும்புக்குத் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் போதும். ஒரு காய்ந்த இலையோ, சுவரில் சாய்ந்த குச்சியோ பாலமாகிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

சாதுவாக இருந்தவை திடீரென்று துரத்துகின்றன

மழை வரும் வானம், பலத்த காற்று, அந்தி நேரம், பூவற்ற வாரம் எதிலும் பெட்டியைத் திறந்தால் கோபம்தான் வரும், நாளை மாற்றுங்கள். அடுத்து உங்கள் கை: வேகம், நசுக்குதல், வாசனைத் தைலம். கொட்டிய இடத்தில் வாழைப்பழ வாசம் வந்தால் அது மற்றவர்களை அழைக்கும் மணம். அங்கே புகைப்பானை இரண்டு முறை ஊதுங்கள். அடுத்து கொள்ளை, ராணி இல்லாமை, இரவில் பெட்டியைச் சுரண்டும் பிராணி. எதுவுமே இல்லாமல் 3 முறை நல்ல வானிலையிலும் துரத்தினால் இனமே அப்படி; ராணியை மாற்றுங்கள். பழைய ராணியின் பிள்ளைகள் செத்துத் தீர 6 முதல் 8 வாரம் ஆகும், அதுவரை கோபமும் இருக்கும்.

கொடுக்கைச் சுரண்டலாமா கிள்ளலாமா என்று யோசிக்காமல் உடனே எடுங்கள். ஒவ்வொரு நொடியும் விஷம் இறங்குகிறது. கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் பனிக்கட்டி போதும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சிரைப்பு, தலைசுற்றல் இதில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் மருந்து. வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

தேன் அறை காலி, அல்லது எடுத்த தேன் நுரைக்கிறது

மேலே ஏறாவிட்டால் கூட்டம் இன்னும் கீழேயே நிரம்பவில்லை, அல்லது அடை கட்ட வைத்த புது மெழுகுத் தாளுக்கும் கீழ் அறைக்கும் நடுவில் ராணி மேலே ஏறாமல் தடுக்கும் ராணித் தடுப்பான் இருக்கிறது. தாளில் அடை கட்டத் தொடங்கும்வரை தடுப்பானை எடுத்துவிடுங்கள். நுரைத்த தேன் பழுக்கும் முன் எடுத்த தேன். சட்டத்தில் 80 சதவீதமாவது மூடியிருக்க வேண்டும்; படுக்கைவாட்டில் பிடித்து உதறினால் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுப் புகார்

தண்ணீர்த் தொட்டியிலும் ஏசி குழாயிலும் மொய்க்கின்றன என்றால் உங்கள் தண்ணீர்த் தட்டு ஒரு நாளாவது காய்ந்திருக்கிறது. கூழாங்கல் போட்ட ஆழமில்லாத தட்டை வெயில் படும் இடத்தில், பெட்டியிலிருந்து சில மீட்டர் தள்ளி வையுங்கள். சுத்தத் தண்ணீரைவிடப் பாசி மணமும் ஒரு சிட்டிகை உப்பும் உள்ள தண்ணீரைத்தான் அவை சீக்கிரம் கண்டுபிடிக்கும். பழகிய இடத்தை மறக்க நாளாகும். அதனால் பக்கத்து வீட்டாரிடம் குழாயைச் சில நாள் துணியால் மூடிவைக்கக் கேளுங்கள்.

இரவில் விளக்கைச் சுற்றுகின்றன என்றால் வாசலுக்கு நேரே விளக்கு எரிகிறது. திரை போடுங்கள், அல்லது வாசலைத் திருப்புங்கள். நடைபாதையில் ஆட்கள்மேல் மோதினால் வாசல் முன் 2 மீட்டர் உயரத்துக்குத் தட்டியோ செடியோ நிறுத்துங்கள். தலைக்குமேல் ஏறிப் பறக்கும். காயும் துணிமேல் தேனீக்களின் எச்சம் மஞ்சள் புள்ளிகளாக விழுவதைத் தடுக்க வழியே இல்லை. வாசலைத் துணிக் கொடிக்கு எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

பெட்டியை நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு 1 மீட்டருக்கு உள்ளே, அல்லது ஒரேயடியாக 5 கி.மீ.க்கு அப்பால். இடைப்பட்ட தூரத்துக்கு மாற்றினால் வெளியே போனவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து தரையில் குவியும். பக்கத்து வீட்டில் யாருக்காவது தேனீக் கொட்டுக்குக் கடும் ஒவ்வாமை இருப்பதாகத் தெரியவந்தால் தட்டி, திரை என்று பேரம் பேசாதீர்கள். அன்று இருட்டியதும் வாசலை வலையால் மூடி, அறைகளைப் பட்டையால் கட்டி, பெட்டியைச் சங்கத்துத் தோட்டத்துக்கு ஏற்றிவிடுங்கள்.